இரண்டு புள்ளி வித்தியாசம்தானே?

பிறப்பு, இறப்புகளைக் கணக்கெடுக்கும் இந்திய அரசின் மாதிரிப் பதிவுத் திட்டம் வெளியிட்ட 2020-ஆம் ஆண்டுக் கணக்கில் ஒரு வரி இருக்கிறது. உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஐந்து வயது நிரம்பும் முன்பே இறந்துபோகிறவர்கள் 32 பேர். ஆண் குழந்தைகளை மட்டும் எடுத்தால் 31, பெண் குழந்தைகளை மட்டும் எடுத்தால் 33. பொதுச் சுகாதாரத்தில் அக்கறை உள்ள நண்பர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தபோது இந்த எண்கள் வந்தன. "இரண்டு புள்ளி வித்தியாசம்தானே? கிட்டத்தட்ட சமமாயிட்டோம்" என்றார், நிஜமான மகிழ்ச்சியோடு. அவர் மகிழ்ந்ததற்குக் காரணம் உண்டு. உலக அளவில் 1990-இல் 93 ஆக இருந்த இந்த விகிதம் 2022-இல் 37 ஆக இறங்கியிருக்கிறது. தடுப்பூசியும், உப்புசர்க்கரைக் கரைசலும், சுத்தமான தண்ணீரும், பிரசவத்தின்போது பக்கத்தில் நிற்கும் பயிற்சி பெற்ற ஒரு ஆளும் சேர்ந்து செய்த வேலை அது. ஆனாலும் அந்தச் "சமமாயிட்டோம்" அன்றிலிருந்து என்னை விடவில்லை. இந்த ஒரு விஷயத்தில் சமம் என்பது நல்ல செய்தி இல்லை என்று நம்புகிறேன். ஏன் என்று நிதானமாக எழுதிப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

எடை கூடின குழந்தைக்குத்தான் பயம்

என் அக்காவுக்கு இரட்டைக் குழந்தைகள். ஒரு பையன், ஒரு பெண். எட்டு மாதம் முடிவதற்கு முன்பே பிறந்துவிட்டார்கள். இரண்டு பேரும் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில், பக்கத்துப் பக்கத்து இன்குபேட்டரில். பையன் எடை கொஞ்சம் கூடுதல். அதனால் வந்து பார்த்த உறவினர்கள் எல்லோரும் அவனைப் பற்றிக் கவலையில்லை என்றும், அந்தச் சின்ன உருவத்தை நினைத்தால்தான் நெஞ்சு பதைக்கிறது என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அங்கே பல வருஷம் வேலை பார்த்த சிஸ்டர் ஒருவர்தான் அதை மறுத்தார். "எடையைப் பார்த்து நம்பிடாதீங்க. பொண்ணு தாங்கிருவா. பையனைத்தான் பார்த்துக்கிட்டே இருக்கணும்." அவர் சொன்ன மாதிரியே ஆனது. பெண் குழந்தை சீக்கிரமே சொந்தமாக மூச்சுவிடத் தொடங்கினாள். பையனுக்குத்தான் மூச்சுவிட உதவும் குழாயும் ஆக்ஸிஜனும் நீண்ட நாள் தேவைப்பட்டன. கடைசியில் இரண்டு பேரும் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தார்கள்.

அந்தச் சிஸ்டர் அனுபவத்தில் சொன்னதை மருத்துவமும் சொல்கிறது. தாயின் வயிற்றில் கடைசி மாதங்களில் நுரையீரல் மூச்சுவிடத் தயாராகிறது. உள்ளே இருக்கும் நுண்ணிய காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் விரிந்து நிற்க சர்ஃபாக்டன்ட் என்ற வழுவழுப்பான பொருள் சுரக்க வேண்டும். ஆண் சிசுவின் உடலில் இருக்கும் ஆண்ட்ரோஜன் ஹார்மோன் அந்தச் சுரப்பைத் தாமதப்படுத்துகிறது. ஒரே வாரத்தில் பிறந்த இரண்டு குறைமாதக் குழந்தைகளில் பெண்ணின் நுரையீரல் சற்று முன்னேறியிருப்பது இதனால்தான். அப்புறம் குரோமோசோம். பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு, ஆணுக்கு ஒன்று. நோய் எதிர்ப்பாற்றலோடு தொடர்புடைய பல மரபணுக்கள் எக்ஸில்தான் உட்கார்ந்திருக்கின்றன. பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டில் ஒன்று அடங்கி, மற்றது வேலை செய்யும். எது அடங்குகிறது என்பது செல்லுக்குச் செல் மாறுவதால், ஒரு பிரதியில் பழுது இருந்தாலும் இன்னொன்று வேலை செய்யும் செல்கள் ஈடுகொடுக்கும். பையனுக்கு மாற்றுப் பிரதியே கிடையாது. ஹீமோஃபீலியா முதல் கடுமையான சில எதிர்ப்பாற்றல் குறைபாடுகள் வரை பையன்களையே அதிகம் தாக்குவது அதனால்தான். பிரசவமும் அவனுக்குச் சற்றுக் கடினம். சராசரியாக உடலும் பெரிது, தலையும் பெரிது.

இது வசதியான குடும்பம், ஏழைக் குடும்பம் என்று பார்க்காது. 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடிக்கு ஒரு மகன் ஐந்தரை வாரம் முன்கூட்டியே பிறந்தான். பேட்ரிக் என்று பெயர் வைத்தார்கள். அந்த நாட்டின் சிறந்த மருத்துவர்கள் சுற்றி நின்றும், சர்ஃபாக்டன்ட் போதாத நுரையீரலால் 39 மணி நேரத்தில் இறந்துபோனான். அந்தப் பொருளின் குறைதான் இந்த நோய்க்குக் காரணம் என்று மேரி எலன் ஏவரியும் ஜெரி மீடும் 1959-இலேயே காட்டியிருந்தார்கள். சிகிச்சைதான் வந்திருக்கவில்லை. பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் சிசுவின் நுரையீரல் வேகமாக முதிரும் என்று நியூசிலாந்தில் லிகின்ஸும் ஹோவியும் ஆய்வு வெளியிட்டது 1972-இல். சர்ஃபாக்டன்ட்டையே நேரடியாக நுரையீரலுக்குள் செலுத்தி ஜப்பானில் ஃபுஜிவாரா குழந்தைகளைக் காப்பாற்றியது 1980-இல். இப்போது அவ்வளவு முன்கூட்டியே பிறக்கும் குழந்தை நல்ல மருத்துவமனையில் பெரும்பாலும் பிழைத்துவிடும்.

ஒரு நுணுக்கத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இயற்கையாக 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. இந்தக் கூடுதலும் இறப்பு விகிதமும் வேறு வேறு. இறப்பு விகிதத்தில் ஆண் குழந்தைகளை ஆண் பிறப்புகளால்தான் வகுக்கிறோம், பெண் குழந்தைகளைப் பெண் பிறப்புகளால். அதனால் ஆண் குழந்தைகள் அதிகம் பிறப்பதால்தான் அதிகம் இறக்கிறார்கள் என்ற வாதத்துக்கு இடமில்லை.

இருநூறு வருஷக் கணக்கு

15 வளர்ந்த நாடுகளின் பழைய பதிவேடுகளை வைத்து 2008-இல் ஒரு ஆய்வு வந்தது. 1751-இல் ஒரு வயதுக்குள் இறந்த ஆண் குழந்தைகளின் விகிதம் பெண் குழந்தைகளைவிடச் சுமார் 10 சதவீதம் கூடுதல். அந்த இடைவெளி மெல்ல மெல்ல ஏறி 1970 வாக்கில் 30 சதவீதத்தைத் தாண்டியது. அதற்குப் பிறகு இறங்கத் தொடங்கியது. இரண்டு நூற்றாண்டுகளாகக் குழந்தைகள் பிழைப்பது கூடிக்கொண்டே வந்தபோது, ஆண்-பெண் இடைவெளி ஏன் குறையாமல் கூடியது? காரணம் எளிது. தொற்றுநோய்கள் இரண்டு பாலையும் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோன காலத்தில் இந்த உயிரியல் வித்தியாசம் பெரிதாக வெளியே தெரியவில்லை. சாக்கடை வசதியும் சுத்தமான தண்ணீரும் தடுப்பூசியும் தொற்றுகளைக் குறைத்த பிறகு எஞ்சியவை குறைப்பிரசவம், பிரசவச் சிக்கல் போன்றவை. அவை ஆண் குழந்தையை அதிகம் தாக்குபவை. 1970-க்குப் பிறகு பாதுகாப்பான அறுவைப் பிரசவமும் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சையும் வந்து, அந்த ஆண் குழந்தைகளையும் காப்பாற்றத் தொடங்கின. இயற்கையில் பலவீனமான பக்கத்துக்கு மனிதர்கள் கை கொடுத்திருக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே நெகிழ்ச்சியாக இருந்தது.

பெண் குழந்தையின் உறுதி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இன்னொரு சான்று, மனம் கனக்க வைக்கும் சான்று. பஞ்சத்திலும் கொள்ளைநோயிலும் அடிமைத் தோட்டங்களிலும் மனிதர்கள் எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்று 2018-இல் ஒரு ஆய்வு கணக்கிட்டது. 1933-ஆம் ஆண்டு உக்ரைன் பஞ்சம் அதில் ஒன்று. அந்த ஆண்டின் இறப்பு நிலவரப்படி பிறக்கும் பெண்ணுக்கு எதிர்பார்க்கப்பட்ட ஆயுள் கிட்டத்தட்ட 11 ஆண்டு, ஆணுக்கு 7-க்குச் சற்று மேல். ஐஸ்லாந்தின் தட்டம்மைக் கொள்ளைநோயிலும் அயர்லாந்தின் பஞ்சத்திலும் பெண்களே கூடுதலாகப் பிழைத்தார்கள். அந்தக் கூடுதலில் பெரும்பகுதி கைக்குழந்தைகளிடம் இருந்து வந்தது. எல்லோரும் பட்டினி கிடந்த இடத்தில்கூடப் பெண் குழந்தை சற்று அதிகம் தாக்குப்பிடித்திருக்கிறாள்.

அப்படியானால் 33 எங்கிருந்து வந்தது

ஓட்டப் பந்தயத்தில் ஒருத்தி சில அடி முன்னால் இருந்து புறப்படுகிறாள். இன்னொருவன் பின்னால் இருந்து. இருவரும் ஒரே நேரத்தில் கோட்டைத் தொட்டால் இருவரும் ஒரே வேகத்தில் ஓடினார்கள் என்று யாரும் சொல்ல மாட்டோம். வழியில் அவளை எது நிறுத்தியது என்று கேட்போம். 31-க்கு 33 என்ற கணக்கில் அவள் பின்தங்கியே வருகிறாள். ஆண் குழந்தைகளுக்கு 31 என்றால் பெண் குழந்தைகளுக்கு 31-ஐவிடத் தெளிவாகக் குறைவாக இருந்திருக்க வேண்டும். இழப்பை அந்த எண்ணிலிருந்துதான் அளக்க வேண்டும். அப்படி அளந்தால் நண்பர் சொன்ன இரண்டு புள்ளி பல புள்ளிகளாக விரிகிறது.

இதில் இன்னும் கசப்பான ஒரு விஷயமும் உண்டு. வளர்ந்த நாடுகளின் கணக்கில் பார்த்தோமே, பொதுவான இறப்பு குறையக் குறையப் பெண்ணுக்கு ஆதரவான இடைவெளி விரிய வேண்டும். ஆகவே மொத்த விகிதம் 100-க்கு மேல் இருந்த காலத்தில் ஆணும் பெண்ணும் சமமாக இறந்ததைவிட, விகிதம் 30-களில் இருக்கும்போது சமமாக இறப்பது கூடுதல் சந்தேகத்துக்கு உரியது. முன்னேற்றத்தின் பலன் இரண்டு பேருக்கும் ஒரே அளவில் போய்ச் சேர்ந்திருந்தால் கணக்கு இப்படி வந்திருக்காது. அமர்த்தியா சென் 1990-இல் உலகில் 10 கோடிக்கும் மேற்பட்ட பெண்களைக் காணவில்லை என்று எழுதியபோது அவர் கேட்டதும் இந்த வகைக் கேள்விதான்: எத்தனை பேர் இருந்திருக்க வேண்டும், எத்தனை பேர் இருக்கிறார்கள்? குழந்தைகளை மட்டும் எடுத்து அதே கேள்வியை இந்திய மாவட்டங்களிடம் கேட்ட ஆய்வு 2018-இல் வந்தது. 2000 முதல் 2005 வரை, நிகழ்ந்திருக்கவே கூடாத ஐந்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தை மரணங்கள் ஆண்டுக்குச் சராசரியாக 2,39,000 என்று அது கணக்கிட்டது. அதில் மூன்றில் இரண்டு பங்கு உத்தரப் பிரதேசம், பீகார், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் ஆகிய நான்கு மாநிலங்களில். இவை பிறந்த பிறகு நடந்தவை. கருவிலேயே பால் அறிந்து கலைப்பது இதில் சேராது.

சிசுக்கொலையைப் பற்றி நமக்குத் தெரியும், அதைத் திரும்ப விளக்கப் போவதில்லை. ஆனால் இந்த லட்சக்கணக்கில் பெரும்பாலானவற்றை யாரும் கொலை என்று சொல்லிவிட முடியாது. எந்த வயதில் இறக்கிறார்கள் என்று பார்த்தாலே புரியும். முதல் 28 நாட்களில் குழந்தைகளைக் கொல்பவை குறைப்பிரசவம், பிறக்கும்போது மூச்சுத் திணறல், கிருமித் தொற்று. அங்கே பெண்ணின் உடல் அவளுக்குத் துணையாக நிற்கிறது. மாதங்கள் போகப் போக நிமோனியா, வயிற்றுப்போக்கு, தட்டம்மை, ஊட்டச்சத்துக் குறைவு என்று காரணங்கள் மாறுகின்றன. இவற்றில் பிழைப்பது, குழந்தையை யார், எப்போது, எங்கே தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்பதைப் பெரிதும் சார்ந்தது. பெண் குழந்தைகளின் இழப்பு ஒன்று முதல் நான்கு வயது வரையிலான பகுதியில்தான் மிகக் கூர்மையாகத் தெரிகிறது.

வங்கதேசத்தின் மத்லாப் பகுதியில் 1970-களில் செய்து 1981-இல் வெளியான ஆய்வு இதை நேரடியாகக் காட்டியது. அங்கே வயிற்றுப்போக்குக்குச் சிகிச்சை இலவசம், கொண்டுபோக வண்டியும் இலவசம். ஆண், பெண் குழந்தைகளுக்கு நோய் வந்த விகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சிகிச்சை மையத்துக்குக் கொண்டுவரப்பட்ட விகிதம் ஆண் குழந்தைகளிடையே 66 சதவீதம் கூடுதல். பணம் இல்லாததால்தான் பெண் குழந்தையை அழைத்துப் போவதில்லை என்ற விளக்கம் அங்கே செல்லாது.

ஒரே வாரத்துக் காய்ச்சல்

மத்லாப் பற்றிப் படித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது அக்காவின் வீடுதான். குழந்தைகளுக்கு ஒரு வயது நெருங்கும் சமயம். இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் இருமலும் காய்ச்சலும். பையனுக்கு மூச்சுத் தொல்லை இருந்த வரலாறு எல்லோர் மனதிலும் இருந்ததால், இரவோடு இரவாக அவனை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பெண்ணுக்கு வீட்டில் இருந்த மருந்தே போதும் என்று முடிவானது. நான் போனில் கேட்டபோது அம்மா சொன்னார்: "அவளுக்கு என்ன, அவ கெட்டி. அப்பவே சிஸ்டர் சொல்லலையா, பொண்ணு தாங்கிருவான்னு?" இரண்டொரு நாள் கழிந்தது. அக்காதான் குளிப்பாட்டத் துணியை விலக்கியபோது, மூச்சு இழுக்கையில் விலாவுக்குக் கீழே பள்ளம் விழுவதைப் பார்த்துப் பதறிப்போய்த் தூக்கிக்கொண்டு ஓடினார். நிமோனியா. உடனே சேர்த்துக்கொண்டார்கள். பிழைத்துவிட்டாள், இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

அந்த வீட்டில் அவளை வெறுத்தவர் ஒருவரும் இல்லை. அம்மா அவளை மடியைவிட்டு இறக்க மாட்டார். பெண் பிறந்ததற்காக யாரும் முகம் சுளிக்கவில்லை. அப்படிப்பட்ட வீட்டிலேயே, அவளுடைய உடம்பின் உறுதி அவளைத் தாமதமாகத் தூக்குவதற்குக் காரணமாகிவிட்டது. முதல் மாதத்தில் குறைப்பிரசவத்துக்கு எதிராக அவளைக் காப்பாற்றிய அந்த வலு, பதினோராம் மாதத்து நிமோனியாவுக்கு எதிராக எந்த உத்தரவாதமும் தராது. நுரையீரலில் சளி கட்டி நிரம்பினால் ஆண் என்ன, பெண் என்ன, மருந்து உள்ளே போயாக வேண்டும். ஆனால் அவளைப் பற்றிய பேச்சு முதல் மாதத்திலேயே நின்றுவிட்டது. நான் இத்தனை நாள் சுற்றிச் சுற்றி யோசித்ததில் என்னை மிகவும் உலுக்கிய இடம் இதுதான். பெண் குழந்தைகளின் கூடுதல் மரணத்துக்கு வெறுப்பைத் தேடிப் போகிறோம். வெறுப்பு இருக்கும் இடங்கள் இருக்கின்றன. அதோடு, அன்பு இருக்கும் வீடுகளிலும் ஒரு நாள், அரை நாள் தாமதம் நடக்கிறது. நிமோனியாவுக்கு அந்த அவகாசம் போதும்.

படித்தால் எல்லாம் மாறிவிடும் என்பவர்களுக்காக இன்னொன்று. மோனிகா தாஸ் குப்தா பஞ்சாப் கிராமங்களில் செய்து 1987-இல் வெளியிட்ட ஆய்வில், எல்லாப் பெண் குழந்தைகளும் ஒரே அளவில் ஒதுக்கப்படவில்லை என்று கண்டார். மூத்தவளாக ஒரு அக்கா ஏற்கெனவே இருக்கும் வீட்டில் பிறந்த பெண்ணுக்குத்தான் ஆபத்து மிக அதிகம். தாய் படித்தவர் என்றால் மொத்தத்தில் குழந்தை இறப்பு குறைந்தது. ஆனால் அந்த இரண்டாவது, மூன்றாவது பெண்ணுக்கு எதிரான பாகுபாடு குறையவில்லை, கூடியே இருந்தது. கல்வியும் வசதியும் தாமாக இதைச் சரிசெய்துவிடும் என்று காத்திருக்க முடியாது.

பிரித்துப் பார்த்ததால் தெரிந்தது

ஆண், பெண் என்று பிரிக்காத சராசரி எவ்வளவு மறைக்கும் என்பதற்கு மருத்துவ வரலாற்றிலேயே ஒரு சம்பவம் இருக்கிறது. வழக்கமான தட்டம்மைத் தடுப்பூசி ஒன்பதாம் மாதத்தில் போடுவது. அதற்கு முன்பே தட்டம்மை வந்து குழந்தைகள் இறந்துகொண்டிருந்ததால், வைரஸின் அளவு பல மடங்கு கூடுதலாக உள்ள ஒரு ஊசியை இன்னும் சிறிய வயதிலேயே போடலாம் என்று 1989-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. தட்டம்மையை அது தடுக்கவும் செய்தது. ஆனால் கினி-பிசாவ், செனகல், ஹைட்டி நாடுகளில் அந்தக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தபோது, அதிக அளவு ஊசி பெற்ற பெண் குழந்தைகள், வழக்கமான ஊசி பெற்ற பெண் குழந்தைகளைவிட அதிகமாக இறந்திருந்தார்கள். ஆண் குழந்தைகளிடம் அந்த வித்தியாசம் இல்லை. 1992-இல் அந்த ஊசி திரும்பப் பெறப்பட்டது. இன்று நம் குழந்தைகளுக்குப் போடும் தட்டம்மை ஊசி அது இல்லை. இது கோடிக்கணக்கான உயிர்களைக் காத்த ஊசி, தவறாமல் போட வேண்டியது. நான் சொல்ல வருவது, யாரோ சிலர் பொறுமையாக இரண்டு பாலையும் தனித்தனியே எண்ணிப் பார்த்திராவிட்டால் அந்தப் பெண் குழந்தைகளின் மரணம் நல்ல சராசரிக்குள் கரைந்து போயிருக்கும் என்பதைத்தான்.

பச்சிளங்குழந்தை சிகிச்சைப் பிரிவுகளிலும் இதே கவனம் வேண்டும். இந்தியாவின் அரசு சிறப்புப் பிரிவுகளில் சேர்க்கப்படுபவர்களில் கிட்டத்தட்ட பத்துக்கு ஆறு பேர் ஆண் குழந்தைகள். அதைப் பார்த்தவுடன் பாகுபாடு என்று சொல்லிவிடக் கூடாது. ஆண் குழந்தைகளுக்கு நிஜமாகவே நோய் அதிகம் வருகிறது. எவ்வளவு உயிரியல், எவ்வளவு புறக்கணிப்பு என்று பிரிக்க, எதிர்பார்க்கப்படும் விகிதத்தைப் பக்கத்தில் வைத்தாக வேண்டும். ஆண் குழந்தையின் உயிரியல் பலவீனத்தை மறுப்பதால் பெண் குழந்தைக்கு எந்த நன்மையும் இல்லை. அவனுக்கு மூச்சுவிட உதவும் குழாய் தேவைப்படும் நேரத்தில் அது கிடைக்க வேண்டும், அவளுக்கு நிமோனியா வரும் நாளில் அன்றே மருந்து கிடைக்க வேண்டும். ஒன்றுக்காக இன்னொன்றைக் குறைக்கத் தேவையே இல்லை.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்போ எதைப் பார்த்தால் சரியாகத் தெரியும்?" என்று கேட்டார். ஒன்று முதல் நான்கு வயது வரையிலான இறப்பை, ஐந்து வயதுக்குட்பட்ட மொத்தத்தில் கரைத்துவிடாமல், ஆண், பெண் என்று பிரித்துத் தனியாக அச்சிடச் சொல்ல வேண்டும். அதற்குப் பக்கத்தில், அந்த அளவு இறப்பு உள்ள இடத்தில் பெண்ணுக்கு எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்பதையும் போட வேண்டும். இன்னொன்றை எந்த ஆரம்ப சுகாதார நிலையமும் தானே செய்யலாம். நிமோனியாவோடும் வயிற்றுப்போக்கோடும் வரும் குழந்தைகளை, நோய் தொடங்கி எத்தனையாவது நாளில் அழைத்து வந்தார்கள் என்று பால்வாரியாக மாதத்துக்கு ஒரு முறை கூட்டிப் பார்ப்பது. குழந்தையின் வயதும் பாலும் வந்த தேதியும் பதிவேட்டில் ஏற்கெனவே இருப்பவை. காய்ச்சல் என்றைக்குத் தொடங்கியது என்று மருத்துவர் எப்படியும் கேட்கத்தான் போகிறார். அந்தப் பதிலையும் அதே வரியில் எழுதிவைத்தால் போதும்.